ஆப்பசைச்ச பேராண்டி

வா கண்ணு, வா. செருப்ப அக்கட்டால உட்டுட்டு இப்பிடித் திண்ணையில குக்கு. சரவணம்பட்டியிலிருந்து பல்லடம் வர்றதுக்குள்ள மூஞ்சி கறுத்துப் போச்சே சாமி. மோரு குடிக்கறயா? குடிச்சுக்கிட்டே ஒண்ணு சொல்லு. உன்ற செல்லப் பாத்து, நம்ம கெணத்து மோட்டாரு இப்ப ஓடுதா நிக்குதான்னு சொல்லு பாக்கலாம்.

நிக்குதா. செகப்பு வட்டம் காட்டுதா. நல்லதுங்க.

இப்ப அந்தச் செல்லக் கவுத்து வெச்சுட்டுக் காதக் குடு. தொட்டியில தடதடன்னு ஒரு சத்தம் கேக்குதா? மேகத்துல இருந்து பெய்யற மழையில்ல கண்ணு அது. நம்ம மோட்டாரு எறைக்கற தண்ணி.

அட, எந்திரிக்காத. குக்கு. கம்பெனிக்குப் போனும் போடாத, அவன் ஒண்ண அமுத்து, ரெண்ட அமுத்துன்னு பாட்டுப் போட்டுக்கிட்டு இருப்பான். கெணத்துல முப்பதடி தண்ணி கெடக்குது, சித்த நேரம் ஓடுனா ஒண்ணும் கெட்டுப் போகாது. நீ வந்து ஒரு மாசமாச்சு. அப்புச்சிகிட்ட நாலு பழமை பேசு.

அந்த வட்டம் என்னத்தக் காட்டுதுன்னு என்னைக்காவது ரோசனை பண்ணுனயா? நீ வெடியால 'நில்லு'ன்னு அமுத்துனே. அது எங்கியோ ஒரு ஊருல இருக்கற கம்ப்யூட்டருக்குப் போச்சு. அது 'நில்லு'ன்னு எழுதி வெச்சுக்கிட்டு, எழுதுனதையே உனக்குத் திருப்பிக் காட்டுது. மோட்டாரு என்ன பதில் சொல்லுச்சுன்னு ஆரும் கேக்கல. ஒயருல எத்தன ஆம்பியர் ஓடுதுன்னு பெட்டியே பாத்துச் சொன்னாத்தான் அது சேதி. இல்லாட்டி, ஆளுகளுக்கு வேலை சொல்லிப்போட்டு, சொன்னதையே செஞ்சதா நோட்டுல எழுதிக்கிட்டுத் தூங்கற மேஸ்திரி கதைதான்.

என்ற அப்பாரு காலத்துல கவலை எறச்சாங்க. வடக்கவுறு, வாலுக்கவுறு, ரெண்டு மாடு, பாட்டுப் பாட ஒரு ஆளு. அப்பறம் 1930கள்ல பைக்காரா கரண்டு வந்துது, கோயமுத்தூரு வார்ப்படப் பட்டறையில மோட்டாரு பொறந்துது, கவலை ஒழிஞ்சுது. இப்ப மோட்டாருக்கு மேல நீ ஒரு ஆப்பு வெச்சே பாரு, ஒழிஞ்ச கவலை மறுக்கா வந்து திண்ணையில குக்கிக்கிச்சு.

உன்னய முழுசாக் கொறை சொல்லல. ரவைக்குப் பதினோரு மணிக்கு த்ரீ பேஸ் வந்தா, டார்ச்சும் தடியும் எடுத்துக்கிட்டு இட்டேரி வழியாப் போயி, கட்டுவிரியன் மேல கால வெக்காம ஸ்டார்ட்டரத் தட்டிட்டு வர்றது என்னன்னு எனக்குத் தெரியும். செல்லுலயே மோட்டார ஓட்டற பெட்டிக்கு வேளாண் பொறியியல் துறை மானியமே குடுக்குது. நல்ல சாமான். நான் கேக்கறதெல்லாம், அந்தப் பெட்டிக்கு எத்தன பேரு அப்புச்சின்னு.

கோழிச் செட்டுலயும் அப்பிடித்தான். ஈசி செட்டுன்னு போட்டே. பொட்டி மாதிரி அடச்ச கட்டடம், ஒரு கடேசியில ஈரத் தட்டி, மறு கடேசியில ஆளு ஒசரத்துக்குக் காத்தாடிக. சித்திரை வெயில்ல காத்தாடி நின்னுச்சுன்னா, நீ சரவணம்பட்டியில சட்டையப் போட்டுக் கெளம்பறதுக்குள்ள கோழி கூட்டத்தோட சுருண்டுரும். அந்தக் காத்தாடிகள ஓட்டற பெட்டி, கெணத்து மோட்டாரு, கேட்டுல மாட்டுன கேமரா, உங்க அமுச்சி நாடகம் பாக்கற டிவி எல்லாத்தையும் ஒட்டுக்கா ஒரே வைபையில கட்டி வெச்சிருக்கறே. காங்கயம் பக்கம் பொண்ணெடுத்த குடும்பத்துல பொறந்துட்டு இப்பிடிப் பண்ணுனா, கொறங்காட்டு மாடு கூடச் சிரிக்கும்.

கொறங்காடு பாத்திருக்கற தானே? காங்கயம், தாராபுரம், மூலனூருப் பக்கமெல்லாம் இருக்குது. கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம், சுத்தி முள்ளுக்கிளுவை வேலி. சுத்தி வேலி போட்டதோட உட்டுட மாட்டாங்க. உள்ளுக்குள்ளயும் அறுத்து அறுத்து வேலி போட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கடவு வெப்பாங்க. இந்தப் பட்டியில மேயற மாடு அந்தப் பட்டிக்குப் போகோணும்னா ஒருத்தன் கடவத் தொறக்கோணும். ராத்திரி ஒரு பக்கம் வேலி புடுங்கிக்கிச்சுன்னா ஒரு பட்டிதான் போகும், காடே போகாது. உங்க ஆபீசுல இதுக்கு ஏதோ நெட்வொர்க் செக்மென்டேசன்னு பேரு வெச்சு, படம் போட்டு, காசு வாங்கிக்கிட்டுச் சொல்லிக் குடுக்கறாங்களாமா. ஊருக்குச் சொல்லிக் குடுத்துட்டு, சொந்தக் கோழிச் செட்டயும் டிவியயும் ஒரே பட்டியில கட்டுன பேராண்டி நீ.

கூடங்குளத்து அணு ஆலை நாயம் மறந்துட்டயா? 2019 அக்டோபரு. கம்ப்யூட்டருக்குள்ள வைரஸ் பூந்துருச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. 29ந் தேதி ஆலைக்காரங்க, 'எங்க கன்ட்ரோல் சிஸ்டம் வெளியில எதோடயும் ஒட்டல, தாக்கவே முடியாது'ன்னு காயிதம் உட்டாங்க. மறுநாளே 30ந் தேதி அணுமின் கழகம், 'ஆமாங்க, ஒரு கம்ப்யூட்டர்ல இருந்துது, செப்டம்பரு 4லயே சர்க்காரோட கம்ப்யூட்டர் காவக்காரன் செர்ட்-இன் சொல்லிருச்சு'ன்னு இன்னொரு காயிதம் உட்டுது. அது ஆபீசு வேலைக்கு இன்டர்நெட்டுல இருந்த கம்ப்யூட்டரு, உலை இருக்கற பக்கம் வேற தனின்னு சொன்னாங்க. வந்தவன் திண்ணையோட போயிட்டான், அடுப்படிக்கு வரலைன்னு வெச்சுக்க. உள்வேலி இருந்ததால தப்பிச்சாங்க. ஆனா மொத நாளு 'முடியவே முடியாது'ன்ன வாய மட்டும் கொஞ்சம் கட்டி வெச்சிருக்கலாம்.

வேலி இருந்தாலும் செரி, மெதப்புல இருந்துராத. நம்ம மேக்காட்டுல சீமைக்கருவேலான் எப்பிடி வந்துச்சு? ஆராவது நட்டாங்களா? வேலி மேல ஏறிக் குதிச்சுதா? கோடையில ஆட்டுக்கு அதோட காயப் போட்டோம். ஆடு தின்னுச்சு, நாமளே கடவத் தொறந்து உள்ள ஓட்டுனோம், உள்ள போயிப் புழுக்கை போட்டுச்சு. முள்ளு மொளச்சுது. அப்பிடித்தான் ஈரான்லயும். நதான்சுங்கற ஊருல அணு எந்திரம் ஆயிரக்கணக்குல சுத்திக்கிட்டு இருந்துது. வெளி ஒயரே கெடையாது. அப்பவும் ஸ்டக்ஸ்நெட்டுனு ஒரு புழு உள்ள போயி எந்திரத்தக் கெடுத்துப் போட்டுது, 2010ல வெளிய தெரிஞ்சுது. பென் டிரைவுல பரவற மாதிரி அதப் பண்ணி உட்டிருந்தாங்களாமா. வேலிக்கு உள்ள போறது எதோட வவுத்துல என்ன இருக்குதுன்னு ஆருக்குத் தெரியுது? போன மாசம் செட்டுக்கு வந்த மெக்கானிக் தம்பி, 'சித்த அப்டேட் போடறனுங்க'ன்னு ஒண்ணச் சொருகுனானே, அதுக்கு முந்தி எந்த ஊரு செட்டுல அதச் சொருகுனானோ.

கேமராவ உட்டுட்டேனே. கோழி திருடறவனப் பாக்க மாட்டுனது. அதோட பாஸ்வேர்டு அட்டப் பெட்டியிலயே அச்சடிச்சிருக்குது. வாங்குன அத்தன பேருக்கும் அதே பாஸ்வேர்டு. ஊருக்கெல்லாம் ஒரே சாவி போட்ட பூட்டு! 2016ல மிராய்னு ஒண்ணு வந்துது பாரு, அது பெரிய மந்திரமெல்லாம் பண்ணல. இந்த மாதிரி அட்டப் பெட்டிச் சாவிக அறுபது சொச்சத்த மனப்பாடம் பண்ணிக்கிட்டு ஒவ்வொரு கேமரா வாசல்லயும் போயித் தட்டுச்சு. தொறந்ததையெல்லாம் பட்டாளமாச் சேத்துக்கிட்டு, அக்டோபர் மாசம் ஒரு நாளு அமெரிக்காவுல பெரிய பெரிய வலைத்தளத்துக்கெல்லாம் மூச்சு முட்ட வெச்சுது. கோழித் திருடனப் புடிக்க வெச்ச நாயி, ராத்திரியில கொள்ளைக்காரனோட சோலிக்குப் போயிட்டு வெடியால வந்து படுத்துக்கற மாதிரி. நீயும் மாத்திட்டேன்னு சொன்னே. மாத்துனது என்ன? 'அப்புச்சி123'. என்ற மேல அத்தன பாசம்னு மொதல்ல கண்ணுல தண்ணி வந்துது. அப்பறந்தான் தெரிஞ்சுது, கோழிச் செட்டுக்கும் அதேதான், மோட்டாருக்கும் அதேதான், உன்ற பேங்குக்கும் அதேதான்னு.

எனக்கு எப்பிடித் தெரியும்னா பாக்கற? சொல்றேன், மோரக் குடி.

தீவாளிக்கு மறுநாளு நம்ம பழைய சூப்பர்வைசர் தம்பி போன் போட்டான். வேலைய உட்டு நின்னு எட்டு மாசமாச்சு, பொங்கலூருப் பக்கம் வேற செட்டுல இருக்கறான். 'ஐயா, ரெண்டாவது செட்டுல சூடு முப்பத்தி மூணு காட்டுது, ஈரத் தட்டியில தண்ணி வரலையாட்ட இருக்குதுங்க, பாருங்க'ன்னான். போயிப் பாத்தா, ஆமா, குழா அடச்சிருக்குது. தங்கமான பையன். கோழியக் காப்பாத்திக் குடுத்தான். ஆனா எட்டு மாசத்துக்கு முந்தி போன ஆளு கையில இன்னும் நம்ம செட்டு இருக்குதுன்னா, அவனுக்கு நம்ம மேல கோவமிருந்தா என்னாகியிருக்கும்? பாக்க மட்டுமில்ல, காத்தாடிய நிறுத்தவும் அவனால முடியும். 'பாஸ்வேர்டு என்னன்னு உங்களுக்கு ஞாபகமிருக்குதுங்களா'ன்னு அவந்தான் என்னயக் கேட்டான். எனக்கு இல்ல. அவனே சொன்னான்.

ஆஸ்திரேலியாவுல மரூச்சின்னு ஒரு ஊரு. 2000ல அங்க சாக்கடத் தண்ணி பூங்காவுல, ஆத்துல, ஒரு பெரிய ஓட்டலு வாசல்லயெல்லாம் வந்து நிக்குது. 8 லட்சம் லிட்டரு. எதுக்குன்னு ஆருக்கும் புடிபடல. கடேசியில பாத்தா, அந்தப் பம்பு நிலையங்களுக்குக் கன்ட்ரோலு மாட்டுன ஒப்பந்தக் கம்பெனியில இருந்து நின்ன ஆளு ஒருத்தன். ஊராட்சியில வேலை கேட்டிருக்கறான், குடுக்கல. லேப்டாப்பும் ரேடியோப் பெட்டியும் காருல போட்டுக்கிட்டு, சுத்திச் சுத்தி வந்து 46 தடவை பம்ப நிறுத்தியும் தொறந்தும் உட்டிருக்கறான். ரெண்டு வருசம் உள்ள போட்டாங்க. அவன் பூட்ட ஒடைக்கல கண்ணு. சாவி வாங்கி வெக்காத ஊரு அது.

திருப்பூருல சாயப்பட்டறைக்காரங்களுக்கு இது கதையா இருக்காது. நொய்யல் கெட்டதுக்காக 2011 சனவரியில ஐகோர்ட்டு பட்டறைகளயே மூடச் சொல்லுச்சு. இப்பப் பொதுச் சுத்திகரிப்பு ஆலையில அளவுமானி வெச்சு, அளவு நேரா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகுது. அந்த அளவுமானியில எவனாவது கைய வெச்சான்னா, நொய்யலும் கெடும், நாயமா நடத்தறவன் பட்டறையும் மூடும். தண்ணியோட சேத்து, அளவையும் காக்கற காலம் வந்துருச்சு.

செரி, திருடன் நாயம் போதும். திருடாம எடுத்துக்கிட்டுப் போறவன் நாயத்துக்கு வா.

கோழிக் குஞ்சு கம்பெனியோடது, தீவனம் கம்பெனியோடது, செட்டும் கரண்டும் ராத்திரித் தூக்கமும் நம்மளோடது. வளத்துக் குடுத்தா கிலோவுக்கு இத்தனைன்னு கூலி. நல்லது, நாலு காசு வருது. நீ அந்த ஆப்புல 'சம்மதம்'னு அமுத்துனே. செட்டுச் சூடு, ஈரம், எத்தன தண்ணி குடிச்சுது, எத்தன செத்துது, எல்லாம் நிமிசத்துக்கு நிமிசம் கம்பெனிக்குப் போகுது. போன லாட்டுல, 'பதினேழாம் நாளு ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க செட்டுல சூடு ஏறிருக்குது, அதான் எடை கொறஞ்சுது'ன்னு கூலியப் புடிச்சாங்க. 'அப்பிடியா, அந்தக் கணக்க எனக்கும் காட்டுங்க'ன்னேன். 'அது எங்க சர்வருல இருக்குதுங்க, வெளிய குடுக்கறதில்ல'ன்னாங்க. என்ற செட்டு, என்ற கரண்டு, என்ற காத்தாடி. அதோட கணக்கு எனக்கே வெளியாளு!

இந்தக் கெணத்துப் பத்திரத்தப் படிச்சிருக்கறயா? 'கெணத்துல நாலுல ஒரு பங்கு, பம்புசெட்டுல நாலுல ஒரு பங்கு, தண்ணி வாய்க்கால் பாத்தியம், மாமூல் வண்டித்தட பாத்தியம்'னு இருக்கும். எவன் எந்தக் கெழமை எறைக்கோணும், எந்தக் கரையில நடக்கோணும், வண்டி எதுவரைக்கும் போலாம், வாய்க்கால் எங்க முடியோணும், எல்லாம் இருக்குது. எழுதுனவங்க பாதிப் பேருக்குக் கையெழுத்துத் தெரியாது, பெருவெரல் ரேகைதான். பங்காளிகளுக்குள்ள ஒரியாட்டம் வந்தா அந்தப் பத்திரம் பேசும். நீ என்ஜினீரு, இங்கிலீசுல நாப்பது பக்கம் வந்துது, ஒத்த வெரலுல அமுத்திட்டே. நீயும் ரேகைதான் வெச்சிருக்கற. என்ன, அவங்களுக்கு ஆராவது படிச்சுக் காட்டுனாங்க.

மோரு கேட்டு வந்தவங்களுக்கு ஒரு சொம்பு ஊத்திக் குடுக்கறோம். மாட்டயே கவுத்தோட அவுத்துக் குடுக்கறமா? கம்பெனிக்குக் கோழியோட சூடு தெரியோணுமா, தெரியட்டும். அந்த லாட்டு முடியற வரைக்கும் தெரியட்டும். லாட்டு முடிஞ்சா கடவு சாத்திரோணும். செட்டு எந்திரத்த முடுக்கற அதிகாரம் எதுக்கு அவனுக்கு? என்ற மோட்டாரு எப்ப ஓடுதுங்கறது எதுக்கு? வீட்டுல ஆளு இருக்குதா இல்லையான்னு மோட்டாரு ஓடற நேரத்த வெச்சே சொல்லிரலாம், அமுச்சி நாடகம் பாக்கற நேரம் உட்பட. அவனுக்கு எது போகுதோ அதோட நகலு எனக்கும் வரோணும். இத்தனையும் ஒரு வெள்ளக் காயிதத்துல எழுதுனா ஒரு பக்கம் வராது.

சட்டம் இருக்குதுங்கறயா. இருக்குது. 2023ல போட்டாங்க, தப்புப் பண்ணுனா 250 கோடி வரைக்கும் அபராதம்னு. ஆனா அது மனுசனோட விவரத்துக்கு. கோழியோட காய்ச்சலுக்குச் சட்டமில்ல. ஐரோப்பாக்காரன் இதுலயும் முந்திக்கிட்டான். 2025 செப்டம்பர் 12லிருந்து, காசு குடுத்து வாங்குன எந்திரம் உண்டாக்கற கணக்க வாங்குனவன் கேட்டா குடுத்தாகோணும், அவன் சொல்ற இன்னொருத்தனுக்கும் குடுத்தாகோணும்னு அங்க சட்டம். நம்ம திருப்பூரு பனியன் போட்டுக்கிட்டுத்தான் அந்தச் சட்டத்தையும் எழுதியிருப்பான். நமக்கு அந்தப் பத்திரம் வர்ற வரைக்கும் நாமதான் பேசி வாங்கிக்கோணும்.

நம்ம எந்திரத்தோட சாவி வேற ஒருத்தன் கையில இருந்தா என்னாகும்னு உக்ரைன்ல பாத்தாங்க. 2022ல மெலிட்டோபோல்னு ஒரு ஊருல ரஷ்யப் பட்டாளத்தாளுக ஜான் டீர் டிராக்டரும் அறுப்பு மிசினும் கடையோட வாரிக்கிட்டுச் செச்சன்யா வரைக்கும் கொண்டுபோனாங்கன்னு சேதி வந்துது. அங்க போயித் திருப்புனா ஒண்ணும் கெளம்பல. தூரத்துல இருந்தே பூட்டிப்போட்டாங்க. நம்ம டீக்கடையில கைதட்டுனாங்க, நானுந்தான். பொழுதோட வீட்டுக்கு வந்து படுத்தப்பறம் தூக்கம் வல்ல. திருடன் டிராக்டரப் பூட்ட முடிஞ்சவனுக்கு, தவணை ரெண்டு தப்புன என்ற டிராக்டரப் பூட்ட எத்தன நேரமாகும்?

உனக்கு ஒண்ணு தெரியோணும் கண்ணு. 1970ல இங்க பெருமாநல்லூருல, கரண்டுக்கு ஒத்தப் பைசா ஏத்துனதக் கொறைக்கச் சொன்னதுக்குத் துப்பாக்கிச் சூட்டுல மூணு வெவசாயி செத்தாங்க. 72ல கட்ட வண்டியெல்லாம் பூட்டிக்கிட்டுப் போயிக் கோயமுத்தூர மறிச்சோம், நாராயணசாமி நாயுடு முன்ன நின்னாரு. நான் அப்ப உன்ற வயசு, வண்டிக்கடியில படுத்துத் தூங்குனேன். ஒத்தப் பைசாக் கணக்குல அத்தன ரோசம் பாத்த சாதி சனம், இன்னைக்கு இத்தாச்சோடு கணக்க ஒரு வெரலத் தேச்சு இனாமாக் குடுத்துட்டு, 'ஆப்பு ப்ரீங்க அப்புச்சி'ங்குது.

ஆப்ப அசைக்கற கொரங்கு கூட, வாலு மாட்டுனதுக்கப்பறம் கத்துச்சு. நீ சிரிக்கற.

அங்க பாரு, உடுமலைப் பக்கம் காத்தாடி சுத்தறது தெரியுதா? பாலக்காட்டுக் கணவாய்க் காத்து. செருமனியிலயும் இதே மாதிரி எனர்கான் கம்பெனிக் காத்தாடிக 5,800, சாட்டிலைட்டு வழியாப் பேசிக்கிட்டு இருந்துது. 2022 பிப்ரவரி 24, உக்ரைன் சண்டை ஆரம்பிச்ச அன்னைக்கு வெடியால, அந்தச் சாட்டிலைட்டுப் பெட்டிகளக் கெடுத்துப்போட்டாங்க. குறி வெச்சது உக்ரைனு, ஒட்டுக்கா மாட்டுனது செருமனி. தூரத்துல இருந்து அந்தக் காத்தாடிகளப் பாக்கவும் முடியல, சொல்லவும் முடியல. ஆனா ஒரு காத்தாடியும் நிக்கல. தானாச் சுத்தவும், காத்து எச்சானா தானா அடங்கவும் ஒவ்வொண்ணுக்குள்ளயும் புத்திய வெச்சிருந்தாங்க. பேச்சு நின்னாலும் பொழப்பு நிக்கல. நம்ம கோழிச் செட்டுக்கு அத்தனதான் கேக்கறேன். நெட்டு போனா செட்டு பாட்டுக்கு ஓடோணும். சூடு ஏறுனா சைரனு செல்லுல அடிக்காம கூரை மேல அடிக்கோணும். கரண்டு போனா ஜெனரேட்டரு கிளவுடக் கேக்காம கெளம்போணும். அப்பறம் கேமராவுக்கும் டிவிக்கும் தனி வைபை, செட்டுக்குத் தனி, சாவி ஆளுக்கு ஒண்ணு. வேலைய உட்டு நின்னவனுக்குச் சம்பளத்தக் கையில குடுக்கறப்பவே அவன் சாவியச் சாகடிச்சிரோணும். உங்க ஆபீசுக்காரங்களுக்குச் சர்க்காரு 2022லயே போட்ட உத்தரவு என்ன? கம்ப்யூட்டர்ல எவனாவது பூந்தா ஆறு மணி நேரத்துல செர்ட்-இன்னுக்குச் சொல்லோணும், ஆரு வந்தான் போனாங்கற கணக்க 180 நாளு வெச்சிருக்கோணும். நீ ஆபீசுக்கு வெச்சிருக்கற அந்த நோட்ட, கோழிக்கும் ஒண்ணு வாங்கிப் போடு.

என்ன, இன்னும் அந்தத் தண்ணிச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருக்கறே? ரஷ்யாக்காரனா, சீனாக்காரனான்னு மூஞ்சியில ஓடுது.

நாந்தான். இட்டேரியில உன்ற பைக்குச் சத்தம் கேட்டதும் போயிப் பச்சப் பொத்தான அமுத்திட்டு வந்து குக்கிக்கிட்டேன். பழைய ஸ்டார்ட்டரக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னே பாரு, எலக்ட்ரீசியன் தம்பிக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து, 'அது ஒரு பக்கம் கெடக்கட்டும்'னுட்டேன். சாக்குப் போட்டு மூடியிருக்குது. உன்ற ஆப்புக்கு அப்பிடி ஒண்ணு இருக்கறதே தெரியாது.

போ கண்ணு, போயிச் செகப்புப் பொத்தான அமுத்திட்டு வா. பொழுது எறங்கிருச்சு, அந்த டார்ச்சையும் தடியையும் எடுத்துக்க. அமுச்சி சந்தவை புழிஞ்சிட்டு இருக்கறா, ஆறிப் போறதுக்குள்ள வரோணும். செல்லு இங்கியே இருக்கட்டும்.